180 பக்கம் நோட்ஸ் எடுத்தும் கல்ச்சர் நிக்கல: மேலூர் தம்பிக்கு ஒரு பதில்

போன வாரம் மேலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தாரு. பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, போடல. மெக்கானிக்கல் முடிச்சிருக்காரு, வயசு 26, யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறாரு, ரெண்டு ப்ரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) எழுதி ரெண்டும் போச்சு. "மேடம், பாலிட்டி, எகானமி எல்லாம் ஓரளவு ஓகே, ஆனா ஆர்ட் அண்ட் கல்ச்சர் மட்டும் படிக்கப் படிக்க வழிஞ்சு போகுது, மூணு கலர் பேனாவுல 180 பக்கம் நோட்ஸ் எடுத்து வச்சிருக்கேன், சௌத்ராந்திகம் யாரு சர்வாஸ்திவாதம் யாருன்னு எக்ஸாம் ஹால்ல எல்லாம் ஒண்ணா கலந்துடுது, பேசாம இத விட்டுட்டு மத்தத படிக்கலாமா"ன்னு கேட்டிருக்காரு. அதே மெயில்ல, "சிலபஸ் சின்னதுன்னு ஃபிலாசபிய ஆப்ஷனலா (விருப்பப் பாடமா) எடுக்கலாமான்னு யோசிக்கிறேன், தமிழ்ல மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) எழுதலாமா, டெல்லி போயே ஆகணுமா"ன்னு இன்னும் மூணு கேள்வி.

தம்பி, உங்க ஆப்ஷனல் கேள்வியப் பாத்துதான் எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஒரு பக்கம் "தத்துவம்னாலே தலை சுத்துது", இன்னொரு பக்கம் "தத்துவத்தையே ஆப்ஷனலா எடுக்கலாமா". பரவால்ல, இந்த ரெண்டும் ஒரே எடத்துலதான் போயி நிக்கும்.

நானும் நாலு தடவ எழுதினவதான், ரெண்டு மெயின்ஸ், ஒரு இன்டர்வியூ, கடைசி லிஸ்ட்ல பேரு இல்ல. அதுக்கப்புறம் 14 வருஷமா இந்த ரெண்டு பாடத்தையும்தான் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், பேப்பர் திருத்திட்டும் இருக்கேன். அதனால உங்க 180 பக்கம் எப்படி இருக்கும்னு பாக்காமலே சொல்லுவேன். வலது பக்கம் பேரு, இடது பக்கம் ஊரு, நடுவுல அம்புக்குறி, சரியா? அது நோட்ஸ் இல்ல தம்பி, டெலிபோன் டைரக்டரி. டைரக்டரிய யாரும் மனப்பாடம் பண்ண முடியாது.

விடலாமான்னு கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். விடக்கூடாது. ப்ரிலிம்ஸ்ல சில வருஷம் கல்ச்சர்ல இருந்து கொஞ்சமாத்தான் வரும், சில வருஷம் வாரி எறைப்பாங்க, அதுல நம்ம கணக்கு எதுவும் செல்லாது. ஆனா இதே சரக்குதான் மெயின்ஸ் ஜிஎஸ் (பொதுப் பாடத்தாள்) ஒண்ணுல மொத வரியாவே நிக்குது, அறநெறித் தாளான ஜிஎஸ் நாலுல சிந்தனையாளர்கள்னு வருது, எஸ்ஸேல வருது. நாலு எடத்துல சோறு போடுற பாடத்த ஒரு எடத்துல பசிக்குதுன்னு விடுவாங்களா? விடக்கூடாதுங்கிறதுக்காக ஹால்ல குருட்டாம்போக்குல அடிச்சுட்டும் வரக்கூடாது. ஒரு கேள்விக்கு 2 மார்க், தப்பா போட்டா 0.66 போகும், மூணு தப்பு பண்ணா ஒரு சரியான பதில் காணாமப் போயிடும். கல்ச்சர் கேள்வில ரெண்டு ஆப்ஷனுக்கு நடுவுல நின்னு முழிச்சு அடிக்கிறதுதான் அதிகமா நடக்குது.

சரி, எப்படிப் படிக்கிறது? உங்க ஊருல இருந்தே ஆரம்பிக்கிறேன். அரிட்டாபட்டி போயிருக்கீங்களா? மேலூர்ல இருந்து பைக்ல போற தூரம்தானே. 2022ல தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்கன்னு கரண்ட் அஃபேர்ஸ்ல கண்டிப்பா எழுதி வச்சிருப்பீங்க. அந்த மலையில சமணர் கல் படுக்கை இருக்கு, தமிழ் பிராமி கல்வெட்டு இருக்கு, அப்புறம் வந்த காலத்துல செதுக்கின தீர்த்தங்கரர் சிற்பம் இருக்கு, இன்னொரு பக்கம் பாண்டியர் காலத்து சிவன் குடைவரை இருக்கு, அதுல லகுலீசர் இருக்காரு. நீங்க நோட்ஸ்ல இத நாலு வரியா எழுதிட்டு அடுத்த ஊருக்குப் போயிருவீங்க. நான் அங்கயே உக்காந்து ஒரு கேள்வி கேப்பேன், ஏன்டா ஒரு மனுஷன் கல்லுல படுக்கணும்?

துறவின்னா எளிமையா இருக்கணும்ங்கிறது மட்டும் இல்ல காரணம். சமணத்துல வினைங்கிறது ஒரு பொருள். நெஜமாவே பொருள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசு மாதிரி. ஆச, கோவம்னு உயிர்ல பிசுபிசுப்பு இருந்தா அந்த தூசு வந்து ஒட்டிக்கும், ஒட்ட ஒட்ட உயிரு கனமாயிடும். புதுசா ஒட்டாம தடுக்கணும், ஏற்கனவே ஒட்டினத உதுக்கணும், உதுக்குறதுக்குத்தான் தவம், பட்டினி, கல்லு படுக்கை. இப்ப சொல்லுங்க, அந்த படுக்கை வெறும் தொல்லியல் சின்னமா? அது ஒரு தத்துவத்தோட செயல்முறை விளக்கம் தம்பி. நீங்க மெக்கானிக்கல்தானே, ப்ராக்டிகல்னு வச்சுக்கோங்க.

இப்ப அதே கேள்விய எல்லார்கிட்டயும் கேளுங்க. செஞ்ச வினை செஞ்சவன்கிட்ட எப்படி வந்து சேருது? இந்த ஒரே ஒரு கேள்விதான் நான் க்ளாஸ்ல மொத ஒரு வாரம் நடத்துறது, மொத்த இந்தியத் தத்துவமும் இதுல மாட்டிக்கும்.

புத்தர் சைடுல கேட்டா, வினைங்கிறது தூசு இல்லப்பா, எண்ணம், மனசுல நெனச்சு செய்யிறதுதான் வினைம்பாங்க, அதனால ஒடம்ப வாட்டி உதுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல, நடு வழில போ. ஆசீவகர்கிட்ட கேட்டா, நீ என்ன பண்ணாலும் ஒண்ணும் மாறாது, எல்லாம் நியதி, நூல் உருண்டைய உருட்டி விட்டா நூலு தீர்ற வரைக்கும் ஓடுற மாதிரிம்பாங்க. சார்வாகன் சிரிப்பான், செத்ததுக்கு அப்புறம் யாருக்குடா பலன், சாம்பலுக்காம்பான். சாங்கியம், புருஷன் (உயிர்) எதுவுமே செய்யல, செய்யிறது எல்லாம் பிரகிருதி (இயற்கை), வெறுமனே பாத்துட்டு இருந்தவன் நான்தான் செஞ்சேன்னு தப்பா நெனச்சுக்கிட்டான், அந்த தப்பு தெரிஞ்சா விடுதலைங்கும். மீமாம்சை, யாகம் இன்னிக்கு முடிஞ்சிடுச்சு பலன் என்னிக்கோ வருது, நடுவுல அபூர்வம்னு ஒரு சக்தி நிக்குதுங்கும். நியாய தரிசனக்காரங்க, வினை ஜடம், அதுக்கு அட்ரஸ் தெரியாது, கொண்டு போயி சேக்க ஒரு ஈஸ்வரன் வேணும்னு வாதாடுவாங்க. நம்ம சைவ சித்தாந்தமும் கிட்டத்தட்ட அதே வாதத்த எடுத்துக்கிட்டு, கூட மலம்னு, அதாவது உயிர மூடியிருக்குற அழுக்குன்னு, ஒண்ணு சேத்து தன் வழில போகும்.

பாத்தீங்களா, எட்டு பேரு, ஒரு கேள்வி. இத ஒரு தடவ சண்டையா கேட்டுட்டீங்கன்னா மறக்காது. அம்மா அப்பா சண்டையில யாரு என்ன சொன்னாங்கன்னு நோட்ஸ் எடுத்தா ஞாபகம் வச்சிருக்கோம்?

இப்ப பழைய கேள்வித்தாள எடுங்க. 2013 ப்ரிலிம்ஸ்ல சாங்கியம் பத்தி ரெண்டு ஸ்டேட்மென்ட். மறுபிறப்ப சாங்கியம் ஏத்துக்காதுன்னு ஒண்ணு, தன்னை அறியிறதுதான் விடுதலை தரும், வெளிய இருந்து வர்ற எதுவும் தராதுன்னு இன்னொண்ணு. நல்லா படிச்ச பசங்களே மொதலாவதுல விழுந்தாங்க. ஏன்னா சாங்கியம் ஈஸ்வரன பத்தி பேசாதுன்னு படிச்சிருப்பாங்க, கடவுள் இல்லன்னா மறுபிறப்பும் இருக்காதுன்னு தானா முடிவு பண்ணிக்கிட்டாங்க. அது நம்ம தெரு நாத்திகத்தோட கணக்கு தம்பி, தரிசனங்களோட, அதாவது தத்துவப் பள்ளிகளோட, கணக்கு இல்ல. சமணம், பௌத்தம், மீமாம்சை எதுக்குமே உலகத்த படைச்ச கடவுள் கிடையாது, ஆனா மூணுக்கும் மறுபிறப்பு உண்டு. மறுபிறப்ப ஒரேயடியா தூக்கிப் போட்டது சார்வாகம் மட்டும்தான். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா 2011ல வந்த சமணக் கேள்வியும் முடிஞ்சது, உலகத்த ஆக்கி நடத்துறது எதுன்னு கேட்டாங்க, படைச்சவன் இல்லைன்னா விதிதான் நடத்தணும், பிரபஞ்ச விதி, அவ்வளவுதான் விடை.

2014ல ஆறு தரிசனத்துல சேராத ஜோடி எதுன்னு கேட்டாங்க, லோகாயதமும் (சார்வாகத்தோட இன்னொரு பேரு) காபாலிகமும்தான் விடை. ஆஸ்திகம்னா கடவுள ஏத்துக்கிறதுன்னு நெனச்சுட்டு படிச்சா அங்கயும் கொழம்பும், வேதத்த பிரமாணமா ஏத்துக்கிறதுதான் ஆஸ்திகம். 2017ல உங்கள பயமுறுத்தின அதே சர்வாஸ்திவாதம் வந்துச்சு. சௌத்ராந்திகம், சம்மிதீயம் ரெண்டும் சமணப் பிரிவுன்னு ஒரு ஸ்டேட்மென்ட், தப்பு, ரெண்டும் பௌத்தம். சர்வாஸ்திவாதிகள் பொருள்களோட கூறுகள் முழுக்க கணநேரம் மட்டும் இல்ல, உள்ளுக்குள்ள எப்பவும் இருக்குன்னு நம்பினாங்கன்னு ரெண்டாவது, அது சரி. பேர பிரிச்சுப் பாருங்க, சர்வம் அஸ்தி, எல்லாம் இருக்கு. எல்லாமே கணத்துக்கு கணம் அழியுதுன்னா நேத்து செஞ்ச வினை இன்னிக்கு எப்படி பலன் தரும்னு அவங்களுக்குள்ளயே கேள்வி வந்துச்சு, அதுக்கு அவங்க சொன்ன பதில்தான் கட்சிப் பேரா நிக்குது, நேத்தும் இருக்கு இன்னிக்கும் இருக்கு நாளைக்கும் இருக்கு. மறுபடியும் அதே வினை கேள்விதான் பாருங்க.

அரிட்டாபட்டியில இன்னும் லகுலீசர் பாக்கி. கையில தடி வச்சிருப்பாரு, லகுடம்னா தடி, பாசுபத மரபோட குருன்னு சொல்லுவாங்க. பாசுபதர், காபாலிகர், காளாமுகர்னு சைவப் பிரிவுகள படிக்கும்போது எல்லாம் ஒரே மாதிரி தெரியும். பிரிச்சு ஞாபகம் வச்சுக்க எனக்கு உதவினது மகேந்திரவர்ம பல்லவன் சமஸ்கிருதத்துல எழுதின மத்தவிலாசப் பிரகசனம்தான். காஞ்சிபுரத்துல ஒரு காபாலிகன் குடிச்சுட்டு தன்னோட மண்டையோட்டுப் பாத்திரத்த தொலைச்சுட்டு, வழியில வந்த புத்த பிக்கு மேல பழி போடுவான், பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதன் வருவான், கடைசில பாத்திரம் ஒரு நாய் வாயில போனதுன்னு தெரியும். ஒரு ராஜா எழுதின காமெடி! ஏழாம் நூற்றாண்டு காஞ்சியில யாரெல்லாம் ஒரே தெருவுல நடந்தாங்கன்னு இதவிட எந்த நோட்ஸும் சொல்லாது.

இப்படி ஒரு மலை, அதுல ரெண்டு மதம், அதுக்குள்ள ஒரு கேள்வி. உங்க 180 பக்கத்துல இந்த மாதிரி ஒரு பன்னெண்டு எடத்த மட்டும் தேர்ந்தெடுங்க, மத்தத எல்லாம் அதுல தொங்க விடுங்க. சாஞ்சி எடுத்தா, ஆரம்ப காலத்துல புத்தர மனுஷ உருவமாவே காட்ட மாட்டாங்க, போதி மரம், காலியா ஒரு ஆசனம், பாதச்சுவடு, சக்கரம், அவ்வளவுதான், அப்புறம் காந்தாரத்துலயும் மதுராவுலயும் உருவம் வருது, ஏன்னு கேட்டா மகாயானம், பக்தி, கிரேக்க ரோமானிய பாதிப்புன்னு ஒரு கதை தானா விரியும். சித்தன்னவாசல் எடுத்தா, கூரையில இருக்குற தாமரைக் குளம் சும்மா அழகுக்கு வரைஞ்சது இல்ல, சமவசரணத்துக்கு (தீர்த்தங்கரர் உபதேசம் பண்ற சபை) போற பவ்வியர்கள் (வீடுபேறுக்குத் தகுதியான உயிர்கள்) எறங்கி பூ பறிக்கிற குளம், மீன், யானை, எருமை, அன்னம்னு எல்லா உயிரும் அதுல சமமா நிக்குது. எந்த உயிரையும் நோகடிக்காதேங்கிற மதத்தோட கூரைல வேற என்ன வரைவாங்க?

நடராஜர மட்டும் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதுல எல்லாரும் தப்பு பண்றாங்க. உடுக்கை படைப்பு, அபயக்கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றின கால் மறைப்பு, தூக்கின கால் அருள்னு அஞ்சு தொழில். இத உண்மை விளக்கம்ங்கிற சித்தாந்த நூல்ல ஒரே ஒரு வெண்பாவுல அடக்கியிருக்காங்க, தேடிப் படிச்சுக்கோங்க, நாலே வரி. ஆனா அந்த நூல் பதிமூணாம் நூற்றாண்டு பக்கத்துது, சோழர் வெண்கலம் அதுக்கு முன்னாடி. அதனால சித்தாந்த நூலப் பாத்து சோழன் சிலை வார்த்தான்னு ஆன்சர்ல எழுதிட்டு வராதீங்க. சிலை முன்னாடி, விளக்கம் பின்னாடி. இந்த மாதிரி ஒரு வரி சரியா எழுதினா திருத்துறவங்க கண்ணு அங்க நிக்கும், தப்பா எழுதினாலும் நிக்கும், அது வேற விதமா.

சோழர்னா மெயின்ஸ்ல சாமானியமா விட மாட்டாங்க. 2013ல சோழர் கோயில் கட்டடக்கலை, அதே வருஷம் தாண்டவம் பத்தி கல்வெட்டு ஆதாரத்தோட, 2022ல குப்தர் சோழர் ரெண்டு பேரோட பங்களிப்பு, 2024ல மறுபடி சோழர் கலை. நாம தமிழ்நாட்டுக்காரங்க, தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போயிட்டு வந்தவங்க, ஆனா ஆன்சர்ல "உயரமான விமானம், பெரிய நந்தி"ன்னு எழுதுறோம். வெக்கமா இருக்கு தம்பி எனக்கு. அந்த பெரிய நந்தியே நாயக்கர் காலத்துதுன்னு சொல்றாங்க. அதுக்கு பதிலா, விமானத்தோட மேல் தளத்துல நாட்டிய கரணம் (நடன நிலை) 108ல 81 மட்டும் செதுக்கி மீதிக் கல்லு வெறுமனே நிக்குதுன்னு எழுதுங்க, கருவறையச் சுத்தி உள்ள சுவர்ல நாயக்கர் ஓவியத்துக்கு அடியில இருந்து சோழர் ஓவியம் வெளிய வந்துச்சுன்னு எழுதுங்க, கோயில் கல்வெட்டுல தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில்ல ஆடின பெண்கள்) 400 பேருக்கு வீடு குடுத்தது இருக்குன்னு எழுதுங்க. கோயில்ங்கிறது சாமி கும்பிடுற எடம் மட்டும் இல்ல, சம்பளம் குடுக்குற எடமும்தான்னு அந்த ஒரு தகவலே சொல்லிடும்.

2020 மெயின்ஸ்ல, இந்தியாவுல சின்னங்களையும் அதுல இருக்குற கலையையும் உருவாக்கினதுல தத்துவத்துக்கும் மரபுக்கும் பெரிய பங்கு இருக்கு, விவாதின்னு ஒரு கேள்வி வந்துச்சு. நான் மேல சொன்ன சாஞ்சி, சித்தன்னவாசல், தஞ்சாவூர் மூணு எடத்த வச்சே அதுக்கு 250 வார்த்தை எழுதிப் பாருங்க.

எல்லாத்தையும் இப்படிப் புரிஞ்சு படிக்கலாம்னு பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வெறும் மனப்பாடம் இருக்கு. செம்மொழி 2004ல தமிழ்ல ஆரம்பிச்சு 2024 அக்டோபர்ல மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம் சேந்து 11 ஆச்சு, 2025ல மராட்டிய ராணுவக் கோட்டைகள் உலகப் பாரம்பரியத்துல சேந்தப்போ அந்த 12ல நம்ம செஞ்சியும் உண்டு, சங்கீத நாடக அகாடமி ஏத்துக்கிட்ட செவ்வியல் நடனம் எட்டு. இதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவ பஸ்ல போகும்போது பாத்துக்கோங்க. நடனத்துல மட்டும் வீடியோ பாத்துடுங்க, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் போதும். 2012ல குச்சிப்புடியையும் பரதத்தையும் மாத்தி வச்சு கேட்டாங்க, வசனம் பேசுறது குச்சிப்புடி, சரி, பித்தளைத் தட்டு மேல ஏறி ஆடுறது பரதம்னு போட்டிருந்தாங்க, அதுவும் குச்சிப்புடிதான். தட்டு மேல ஆடுறத ஒரு தடவ கண்ணால பாத்தவன் அந்த ஆப்ஷன்ல ஏமாறவே மாட்டான். புத்தகம்னு கேட்டா என்சிஇஆர்டி பதினொண்ணாம் வகுப்பு நுண்கலைப் புத்தகம், நம்ம ஸ்டேட் போர்டு பதினொண்ணாம் வகுப்பு வரலாறு, இது ரெண்டும், அப்புறம் பழைய கேள்வித்தாள். நாலாவதா ஒண்ணு வாங்கணும்னு கை அரிச்சா அந்தக் காசுக்கு பெட்ரோல் போட்டு மாங்குளம் போயிட்டு வாங்க.

இப்ப ஆப்ஷனல். சிலபஸ் சின்னதுன்னு எழுதியிருக்கீங்க. கடல்னு எழுதினாலும் மூணு எழுத்துதான் தம்பி. பேப்பர் ஒண்ணுல பாதி மேலை நாட்டுத் தத்துவம், பிளேட்டோவுல ஆரம்பிச்சு தெகார்த், ஹியூம், காண்ட், ஹெகல், விட்கன்ஸ்டைன், சார்த்தர், குவைன் வரைக்கும், மீதி பாதி சார்வாகத்துல இருந்து அரவிந்தர் வரைக்கும். பேப்பர் ரெண்டுல சமூக அரசியல் தத்துவம், மதத் தத்துவம். ரெண்டும் 250, மொத்தம் 500. இறையாண்மை, நீதி, சாதி பத்தி காந்தி அம்பேத்கர்னு பேப்பர் ரெண்டு பழகின மாதிரி இருக்கும், அங்கதான் பொதுவா பேசி மார்க்க விடுவாங்க. பேப்பர் ஒண்ணு பயமா இருக்கும், ஆனா அங்க வாதம் சரியா இருந்தா மார்க் வந்துரும்.

மத்த ஆப்ஷனல்ல தகவல் அதிகம் தெரிஞ்சவன் தப்பிச்சுக்கலாம். இங்க முடியாது. ஒருத்தர் என்ன சொன்னாரு, ஏன் சொன்னாரு, எதிராளி எங்க குத்துவான், அந்தக் குத்துக்கு இவர்கிட்ட பதில் இருக்கா, இந்த நாலும் 150 வார்த்தைக்குள்ள வரணும். இந்தியத் தத்துவ நூல்களோட வழக்கமே அதுதான், எதிராளி கட்சிய மொதல்ல முழுசா சொல்லிட்டுத்தான் தன் கட்சிய சொல்லுவாங்க, பூர்வபக்ஷம் அப்புறம் சித்தாந்தம். சிவஞான சித்தியார்ல அருணந்தி சிவாசாரியார் பரபக்கம் (எதிராளி கட்சி), சுபக்கம் (தன் கட்சி)னு பிரிச்சே வச்சிருக்காரு. 2023 எஸ்ஸே பேப்பர்ல, சிந்தனை ஒரு விளையாட்டு மாதிரி, எதிரணி இல்லாம தொடங்காதுங்கிற அர்த்தத்துல ஒரு தலைப்பு வந்தப்போ எங்க ஃபிலாசபி பசங்க மொகத்துல ஒரு சந்தோஷம் பாக்கணுமே.

எடுக்கலாமா வேணாமான்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு ஒரு 15 நாள் சோதனை சொல்றேன். சார்வாகமும் ஹியூமும் மட்டும் படிங்க. மலையில புகை தெரியுது, அதனால நெருப்பு இருக்குன்னு சொல்றோம், புகை இருக்குற எடத்துல எல்லாம் நெருப்பு இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும், எல்லா எடத்தையும் பாத்தியான்னு சார்வாகன் கேக்குறான். பல நூற்றாண்டு கழிச்சு ஸ்காட்லாந்துல உக்காந்து ஹியூம் கிட்டத்தட்ட அதே எடத்துல கை வைக்கிறாரு. அப்புறம் அளவைகள, அதாவது ஒண்ண அறியிற வழிகள, பாருங்க. சார்வாகனுக்கு காட்சி ஒண்ணுதான், பௌத்தத்துக்கு அனுமானம் சேத்து ரெண்டு, சாங்கியத்துக்கு உரை (நம்பத் தகுந்தவங்க சொல்) சேத்து மூணு, நியாயத்துக்கு உவமானம் (ஒப்பிட்டு அறியிறது) சேத்து நாலு, பிரபாகர மீமாம்சைக்கு அர்த்தாபத்தி சேத்து அஞ்சு, பாட்ட மீமாம்சைக்கும் அத்வைதத்துக்கும் அனுபலப்தி சேத்து ஆறு. ஏணி மாதிரி ஏறும். தேவதத்தன் பகல்ல சாப்பிடறதே இல்ல, ஆனா குண்டாகிட்டே போறான், அப்ப ராத்திரி சாப்பிடறான், அது அர்த்தாபத்தி. மேஜை மேல சாவி இல்லங்கிறது எப்படித் தெரிஞ்சுது, இல்லாதத கண்ணால பாக்க முடியுமா, அது அனுபலப்தி. இத படிச்சுட்டு சாப்பிடும்போது வீட்டுல யார்கிட்டயாவது வாதாடணும்னு தோணுச்சுன்னா எடுங்க. "எத்தன மார்க்குக்கு வரும்"னு மட்டும் தோணுச்சுன்னா வேற பாருங்க, மெக்கானிக்கலே இருக்கு, தப்பில்ல.

தமிழ்ல எழுதலாமா? எழுதலாம், எட்டாவது அட்டவணை மொழி எதுல வேணா மெயின்ஸ் எழுதலாம். ஆனா கேள்வி இங்கிலீஷ், ஹிந்தியிலதான் அச்சாகும், மனசுக்குள்ள மொழிபெயர்க்கிற நேரத்தயும் கணக்குல வச்சுக்கோங்க. கலைச்சொல்லுக்கு பக்கத்துல அடைப்புக்குள்ள இங்கிலீஷ் எழுதிக்க விதியே அனுமதிக்குது, தாராளமா செய்யுங்க. காண்டுக்கும் விட்கன்ஸ்டைனுக்கும் தமிழ்ல மெட்டீரியல் கம்மி, நீங்களே உருவாக்கணும், அது நெஜமான கஷ்டம். ஆனா இந்தியப் பகுதிக்கு நம்மகிட்ட இருக்குற வசதி வேற யாருக்கு இருக்கு? மணிமேகலையில சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதைன்னு ஒரு காதை, வஞ்சியில ஒவ்வொரு சமயவாதிகிட்டயும் போயி உன் கட்சி என்னன்னு மணிமேகலை கேக்குறா, அளவைவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதின்னு வரிசையா பதில் சொல்றாங்க. வேதவியாசர் பத்து அளவை, கிருதகோடி எட்டு, சைமினி ஆறுன்னு எண்ணிக்கையோட இருக்கு. நான் மேல உங்கள செய்யச் சொன்ன வேலைய அந்தப் பொண்ணு எப்பவோ செஞ்சுட்டா. நல்ல உரையோட அத ஒரு தடவ படிங்க, அளவை, காட்சி, கருதல், உரை, சற்காரியம்னு கலைச்சொல்லும் கையோட கெடைக்கும்.

ஜிஎஸ் நாலுக்கும் இதே கதைதான். 2018ல திருக்குறள்ல இருந்தே ஒண்ணு கேட்டாங்க, "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" இங்கிலீஷ்ல. நம்ம பசங்க பாதிப் பேரு வள்ளுவர புகழ்ந்து ஒரு பத்தி எழுதிட்டு வந்தாங்க. கொலைகாரன் வாசல்ல நின்னு உன் நண்பன் எங்கன்னு கேட்டாலும் பொய் சொல்லாதேன்னவரு காண்ட், அவர எதிர்ல உக்கார வச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்! அப்புறம் "புரைதீர்ந்த"ங்கிற ஒரு சொல்லுலதான் வள்ளுவர் பூட்டு போட்டு வச்சிருக்காரு, குத்தமில்லாத நன்மை, நமக்கு வசதியான நன்மை இல்ல. ஒரு அதிகாரி கலவர நேரத்துல உண்மைய கொஞ்ச நேரம் அடக்கி வைக்கிறதுக்கும் தன் தப்ப மறைக்கிறதுக்கும் அந்த ஒரு சொல்லுதான் வித்தியாசம்.

டெல்லி வேணாம். ரெண்டு லட்சம் கடன் வாங்கி ஒரு ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்குறதுக்கு மேலூரே தேவல. நான் முதல்வன் திட்டத்துல தேர்வு வச்சு 1000 பேருக்கு ப்ரிலிம்ஸ் படிக்க மாசம் 7500 ரூபா குடுக்குறாங்க, ப்ரிலிம்ஸ் தாண்டினா 25000 ரூபா, அறிவிப்பு வரும்போது விடாம எழுதுங்க. சென்னையில அரசு இலவசப் பயிற்சி மையம் இருக்கு, நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம்.

ஒண்ணு மட்டும் செய்யுங்க. 180 பக்கத்தையும் கட்டி பரண்ல போட்டுட்டு, ஒரு ஞாயித்துக்கெழமை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அரிட்டாபட்டிக்குப் போயி அந்தக் கல்லுல ஒரு பத்து நிமிஷம் படுத்துப் பாருங்க, தொல்லியல் துறை போர்டு ஏதாவது வேணாம்னு சொன்னா பக்கத்துல உக்காந்துக்கோங்க. வந்து அந்த 2020 கேள்விக்கு கையால ஒரு ஆன்சர் எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க, டைப் பண்ணி அனுப்பினா திருத்த மாட்டேன். நான் சொன்ன மூணு எடம் போக நாலாவதா உங்க மலையும் அதுல வரணும்.